நம்ம பேரு, நம்ம ஊரு, நம்ம விதை: இதுவும் சொத்துதான்

(தொப்பூரில் கூட்டமைப்பு உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்றைக்குக் கையெழுத்துப் போடவும், வங்கிக்குள்ளே தயங்காமல் நுழையவும் கற்றுக்கொண்டோம். பிறகு கடன் வாங்கினோம், ஒழுங்காகத் திருப்பிக் கட்டினோம். இப்போது பல குழுக்கள் கேழ்வரகு மாவு, சாமை, மசாலாத் தூள், ஊறுகாய், புளி என்று பொட்டலம் போட்டு விற்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறோம். பொட்டலம் என்று வந்துவிட்டால் அதன் மேலே ஒரு பெயர் வரும். அந்தப் பெயரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

"பேருல என்னக்கா இருக்கு? சரக்கு நல்லா இருந்தா போதாதா?" என்று கேட்பீர்கள். சரக்கு நல்லா இருப்பதால்தானே ஒரு தடவை வாங்கியவர் மறுபடி வருகிறார்? வரும்போது எதைக் கேட்டு வாங்குகிறார்? பெயரைச் சொல்லித்தானே கேட்கிறார்? அப்படியானால் நாம் பட்ட பாடு எல்லாம் அந்தப் பெயருக்குள்ளேதான் சேர்ந்து கிடக்கிறது. நிலத்துக்குப் பட்டா இருக்கிற மாதிரி, பெயருக்கும் கைப்பக்குவத்துக்கும் விதைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதற்கு அறிவுசார் சொத்துரிமை என்று பெயர். வாயில் நுழையாத பெயர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். விஷயம் நம்ம அடுப்படி விஷயம்தான்.

இருட்டுக்கடை வழக்கு

திருநெல்வேலியில் இருட்டுக்கடை அல்வா என்றால் தெரியாதவர்கள் இல்லை. சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் வியாபாரம் நடக்கும் சின்னக் கடை. வெளிச்சம் குறைவாக இருந்ததால் ஜனங்களே வைத்த பெயர் அது. நூறு வருடத்துக்கும் மேலாக நடந்து வருகிற கடை. இதே பெயருக்கு முன்னால் 'திருநெல்வேலி' என்று சேர்த்துக்கொண்டு இன்னொருவர் அல்வா விற்கத் தொடங்கினார். கடையை நடத்தி வந்த பெண்மணி நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்த்தரப்பு சும்மா வரவில்லை. "என் பெயரும் அரசாங்கத்தில் பதிவாகியிருக்கிறது" என்று காகிதத்தோடு வந்தது.

வழக்கு கீழ்க்கோர்ட்டில் தொடங்கி, உயர் நீதிமன்றம் போய், கடைசியில் டெல்லி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 2015 மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. ஒரு பெயரை முதலில் இருந்தே பயன்படுத்தி வருகிறவரின் உரிமை, பின்னால் வந்து பதிவு செய்தவரின் உரிமையை விட மேலானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண்மணி ஜெயித்தார்.

இதில் நமக்கு ஒரு தைரியமும் இருக்கிறது, ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. நாம் பத்து வருடமாக ஒரு பெயரில் விற்று வருகிறோம், நேற்று வந்த ஒருவர் அதைப் பதிவு செய்துவிட்டார் என்பதற்காக நாம் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. இது தைரியம். ஆனால் பத்து வருடமாக விற்று வருகிறோம் என்பதற்கு நம் கையில் என்ன சான்று இருக்கிறது? இதுதான் எச்சரிக்கை. கோர்ட்டில் "எல்லாருக்கும் தெரியும் சார்" என்று சொன்னால் எடுபடாது. தேதி போட்ட ரசீது வேண்டும்.

நமக்கு இது புதிது இல்லை. வாரக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவர்கள் நாம். பத்து ரூபாய் அபராதத்தைக்கூடப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். அந்தப் பழக்கத்தை வியாபாரத்துக்கும் கொண்டுவர வேண்டும். எந்தத் தேதியில் இந்தப் பெயரை வைத்தோம் என்று தீர்மானம் எழுதுங்கள். முதல் லேபிள் அச்சடித்த பில், முதல் விற்பனை ரசீது, கண்காட்சியில் கடை போட்ட அனுமதிக் கடிதம், போட்டோ எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும்.

எல்லாச் சொல்லும் ஒருத்தருக்கே சொந்தமாகாது

அப்படியானால் எந்தப் பெயரை வைத்தாலும் நமக்கே சொந்தமா? இல்லை. இதற்கும் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஐ.டி.சி. கம்பெனி தன் நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று போட்டு விற்றது. 2013-ல் நெஸ்லே கம்பெனி தன் மேகி பாக்கெட்டில் 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டது. "எங்கள் பெயரைத் திருடிவிட்டார்கள்" என்று ஐ.டி.சி. வழக்குப் போட்டது. 2020 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. மேஜிக் என்பது சரக்கைப் புகழ்கிற சொல், மசாலா என்பது எல்லாரும் சொல்கிற சொல், இதை ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எவ்வளவு பெரிய கம்பெனி, எவ்வளவு செலவு! ஆனாலும் கிடைக்கவில்லை.

ஆகவே 'சுத்தமான மஞ்சள் தூள்', 'ருசி ஊறுகாய்', 'நம்பர் ஒன் மாவு' என்றெல்லாம் பெயர் வைத்துவிட்டு, பக்கத்துக் குழு அதையே வைத்தால் சண்டைக்குப் போக முடியாது. சரக்கு என்ன என்பதைச் சொல்லும் சொல்லும், சரக்கைப் புகழ்கிற சொல்லும் பலவீனமான பெயர்கள். சரக்கோடு சம்பந்தமே இல்லாத, கேட்டதும் மனதில் நிற்கிற சொல்லாக இருந்தால் அதற்குப் பலம் அதிகம். உதாரணத்துக்கு, கேழ்வரகு மாவுக்குக் 'கேழ்வரகு' என்றே பெயர் வைப்பதை விட ஒரு பறவையின் பெயரையோ, நாமே உண்டாக்கிய ஒரு புதுச் சொல்லையோ வைப்பது நல்லது. பெயரோடு ஒரு படமும் சேர்ந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்ததும் அடையாளம் கண்டு வாங்குவார்கள்.

பதிவு யார் பெயரில்?

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பல குழுக்கள் நெஞ்சில் கை வைத்து யோசிக்க வேண்டிய இடம் இது.

வணிகக் குறியைப் பதிவு செய்யும் சட்டம் 1999-ல் வந்தது. இதன்படி பதிவு செய்யும் அலுவலகம் நமக்குச் சென்னை கிண்டியில் இருக்கிறது. கணினி வழியாக விண்ணப்பித்தால் தனி நபருக்கும், உத்யம் சான்று வைத்திருக்கிற சிறு தொழிலுக்கும் 4,500 ரூபாய் கட்டணம். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். இது ஒரு வகைச் சரக்குக்கு. மசாலாவும் மாவும் ஒரு வகையில் வரும், ஊறுகாய் வேறு வகை. இரண்டுக்கும் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு. பதிவாகிவிட்டால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

"எங்ககிட்ட உணவுப் பாதுகாப்பு நம்பர் இருக்கே, உத்யம் இருக்கே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு என்பது தின்பண்டம் செய்து விற்கலாம் என்பதற்கு. உத்யம் என்பது நாம் சிறு தொழில் செய்கிறோம் என்பதற்கு. பெயர் நம்முடையது என்பதற்கு வணிகக் குறிப் பதிவுதான். மூன்றும் மூன்று காகிதம். ஒன்று இருந்தால் இன்னொன்று இருப்பதாக அர்த்தம் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். விண்ணப்பத்தில் 'விண்ணப்பதாரர்' என்று ஒரு இடம் இருக்கும். அங்கே யார் பெயர் இருக்கிறதோ, சட்டப்படி அவருக்குத்தான் அந்தக் குறி சொந்தம். பன்னிரண்டு பேர் சேர்ந்து அரைத்து, வறுத்து, வெயிலில் காய வைத்து வளர்த்த பெயர். "நான் பார்த்துக்கறேன்மா, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்று சொல்லி ஒரு வியாபாரி தன் பெயரில் பதிவு செய்துகொண்டால், நாளைக்கு அவரோடு கணக்கு ஒத்துவராதபோது பெயர் அவரோடு போய்விடும். நாம் கூலிக்கு அரைத்தவர்கள் ஆகிவிடுவோம். வியாபாரி என்று இல்லை, குழுத் தலைவியின் சொந்தப் பெயரிலோ, அவர் வீட்டுக்காரர் பெயரிலோ பதிந்தாலும் இதே கதைதான். தலைவி நல்லவராகவே இருக்கலாம். பொறுப்பு மாறினால் என்ன ஆகும்? அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்?

குழு, பதிவு பெற்ற சங்கமாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ இருந்தால் அதன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் உறுப்பினர்கள் கூட்டாக விண்ணப்பதாரர் ஆகலாம். பல குழுக்கள் ஒரே பெயரில் விற்பதாக இருந்தால், சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் பயன்படுத்துகிற கூட்டுக் குறி என்று ஒரு வகை சட்டத்திலேயே இருக்கிறது. எதுவாக இருந்தாலும் காகிதத்தைக் கையில் வாங்கி அந்த இடத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்த பெண்ணை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கடன் பத்திரத்துக்கு அப்படிச் செய்கிறோம் அல்லவா, இதற்கும் அதே முறைதான்.

அடுத்தவர் கவரில் நம் சரக்கு வேண்டாம்

நம் பெயரை அடுத்தவர் எடுக்கக் கூடாது என்று சொல்கிறோம். நாமும் அடுத்தவர் பெயரை எடுக்கக் கூடாது. நாற்சந்தியில் இருக்கிற ஊர் நம்முடையது. பெங்களூர், சேலம் போகிற வண்டி எல்லாம் தொப்பூர் கணவாய் வழியாகத்தான் போகிறது. இப்படிப்பட்ட இடத்தில், "கவர் நான் தர்றேன், நீங்க அரைச்சு அடைச்சுக் கொடுங்க, கிலோவுக்கு இவ்வளவு" என்று யாராவது வருவார்கள். கவரைப் பார்த்தால் பிரபலமான கம்பெனி கவர் மாதிரியே இருக்கும். ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். அல்லது அசல் கவராகவே இருக்கும். அந்த வேலையைத் தொடவே கூடாது. பொய்யான வணிகக் குறியைப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. சோதனை வரும்போது கவர் கொடுத்தவர் இருக்க மாட்டார். சரக்கு நம் வீட்டில் இருக்கும்.

ஊர்ப் பெயர் விஷயமும் இப்படித்தான். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஈரோடு மஞ்சள் இவற்றுக்கு 2019-ல் கிடைத்தது. நமக்குப் பக்கத்தில் சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் கிடைத்தது. குச்சிக்கிழங்கு போடுகிற நமக்கு ஜவ்வரிசி அன்னியம் இல்லை. இந்தக் குறியீடு தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. அந்த வட்டாரத்தில் அந்த முறையில் செய்கிற எல்லோருக்கும் பொது. அங்கே செய்கிறவர், அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதற்கான விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாயாக இருந்ததை 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள்.

கடலை மிட்டாயை நாமும் செய்யலாம், தாராளமாக விற்கலாம். 'கோவில்பட்டி' என்று மட்டும் போடக் கூடாது. நம் வேர்க்கடலை, நம் வெல்லம், நம் கை. நம் ஊர்ப் பெயரையே போடுவோமே! கோவில்பட்டிப் பெயரும் ஒரு நாளில் வந்ததில்லை. பல தலைமுறை ஒரே தரத்தில் செய்ததால் வந்தது. அங்கே உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டதால்தான் குறியீடும் கிடைத்தது. ஒற்றை ஆளாகக் கேட்டால் கிடைக்காத ஒன்று சங்கமாகக் கேட்டால் கிடைக்கிறது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விதை யாருடையது?

பெயரும் ஊரும் பொட்டலத்தின் மேலே இருப்பவை. பொட்டலத்துக்குள்ளே இருப்பது விதையில் இருந்து வந்தது. அதற்கும் வழக்கு வந்தது.

2019 ஏப்ரல் மாதம் குஜராத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகள் சிலர் மேல் பெப்சிகோ கம்பெனி வழக்குப் போட்டது. சிப்ஸ் போடுவதற்காகக் கம்பெனி பதிவு செய்து வைத்திருந்த ரகத்தை அனுமதி இல்லாமல் பயிர் செய்துவிட்டார்கள் என்பது புகார். கேட்ட நஷ்டஈடு ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேலே! கையகல நிலம் வைத்திருக்கிறவர் ஒரு கோடிக்கு எங்கே போவார்? நாடு முழுக்க விவசாய சங்கங்கள் எழுந்தன. அடுத்த மாதமே கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது. பிறகு 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே அரசு ஆணையம் ரத்து செய்தது. கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போய், 2024 ஜனவரியில் பதிவைத் திரும்பப் பெற்றது.

பதிவு கம்பெனிக்குத் திரும்பிவிட்டது, சரி. ஆனால் விவசாயியின் உரிமை போய்விடவில்லை. 2001-ஆம் வருடப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 39-வது பிரிவு அப்படியே இருக்கிறது. தன் விளைச்சலை, விதை உள்பட, எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பங்கிட்டுக்கொள்ளலாம், விற்கலாம். பதிவான ரகமாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: அந்த விதையைப் பையில் அடைத்து, பாதுகாக்கப்பட்ட ரகம் என்று காட்டும் லேபிள் போட்டு விற்கக் கூடாது.

அடுக்குப் பானையில் சாம்பல் கலந்து விதை எடுத்து வைக்கிறவர்கள் யார்? பெண்கள்தானே? கேழ்வரகிலும் சாமையிலும் எந்தக் கதிர் விதைக்கு ஆகும் என்று பார்த்து ஒதுக்குவது நம் கண்தானே? வழிவழியாகக் காப்பாற்றி வருகிற ரகத்தை விவசாயிகள் ரகம் என்று பதிவு செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. விவசாயிக்குக் கட்டணமும் இல்லை.

மஞ்சளுக்கே வந்த சோதனை

கடைசியாக மஞ்சள். புண்ணில் மஞ்சள் பூசினால் ஆறும் என்பது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றுவதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்தது. "எங்க பாட்டி காலத்தில் இருந்து செய்கிறோம்" என்று சொல்லி அந்தக் காப்புரிமையை ரத்து செய்ய முடியவில்லை. பழைய வடமொழி, உருது நூல்களில் இருந்தும், 1953-ல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையில் இருந்தும் என்று 32 ஆதாரங்களைக் காட்ட வேண்டியிருந்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது.

யாரோ எப்போதோ எழுதி வைத்ததால் மஞ்சள் தப்பித்தது. எழுதாமல் இருந்திருந்தால்? அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2001-ல் சித்தா, ஆயுர்வேத, யுனானிக் குறிப்புகளை வெளிநாட்டு மொழிகளில் தொகுத்து வைக்கும் வேலையை அரசு தொடங்கியது. பாரம்பரிய அறிவைக் கண்டுபிடிப்பு என்று சொல்லி இந்தியாவில் காப்புரிமை வாங்க முடியாது என்று நம் காப்புரிமைச் சட்டத்திலும் இருக்கிறது.

நம் பங்குக்கும் ஒரு வேலை உண்டு. 2002-ஆம் வருடப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். நம் ஊரில் என்ன மரம், என்ன மூலிகை, என்ன விதை, அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். நம் ஊராட்சியில் அது இருக்கிறதா? அதில் பெண்கள் சொன்னது ஏறியிருக்கிறதா? கிராம சபையில் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஊருக்கே தெரிந்த வைத்தியமும் விதையும் பதிவேட்டுக்குப் போகட்டும். உங்கள் குழுவின் மசாலாவில் எது எத்தனை கிராம் என்ற கணக்கு வீட்டுக்குள்ளே இருக்கட்டும். அது உங்கள் தொழில் ரகசியம்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. பொட்டலத்தில் போடும் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பெயர் குழுவுக்குச் சொந்தம், விலகிப் போகிறவர் எடுத்துச் செல்ல முடியாது என்றும் எழுதுங்கள்.

2. பெயர் வைக்கும் முன் அது ஏற்கெனவே யாருக்காவது பதிவாகியிருக்கிறதா என்று வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளையிடம் சொன்னால் பார்த்துச் சொல்லிவிடும்.

3. லேபிள் பில், விற்பனை ரசீது, போட்டோ ஒரே கோப்பில் இருக்கட்டும்.

4. பதிவு செய்வதாக இருந்தால் விண்ணப்பதாரர் இடத்தில் யார் பெயர் என்று முதலில் பாருங்கள். பதிவு ஆகும் முன்னால் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற அடையாளத்தைப் போடக் கூடாது. அது பதிவானவர்களுக்கு மட்டும்.

5. அடுத்த கம்பெனி கவர், அடுத்த ஊர்ப் பெயர் இரண்டும் வேண்டாம்.

வம்பு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். பதிவு செய்த குறியை யாராவது திருடினால், நாம் தொழில் செய்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

சகோதரிகளே, இருட்டுக்கடை, உருளைக்கிழங்கு, மஞ்சள் என்று இத்தனை வழக்கு சொன்னோம். யாரும் அடுத்தவர் சொத்தைக் கேட்டுப் போகவில்லை. தன்னிடம் இருந்ததைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போனார்கள். நம்மிடமும் இருக்கிறது. அதைப் பதிவேட்டில் ஏற்றுவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தன் லேபிளையும், பெயர் வைத்த தீர்மானத்தின் நகலையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.